எதிரணியிலும் கடம்பவனம்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வாகைப்பட்டி வடக்குவாச்செல்வி அம்மன் சன்னிதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம், கை சுட்டால் அது சூடத்தின் குற்றம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்த ஊரே சாட்சி. கூட்டியோ குறைத்தோ எதுவும் சொல்லப்படவில்லை. கூட்டத்தின் அளவை மட்டும், கேட்பவர்கள் நம்பவேண்டுமே என்று, ஓர் இடத்தில் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கிறது. மன்னிக்கவேண்டும்.

ஒரு தலைக்குள் இரண்டு மனம் வைத்துக்கொள்வது அப்போதுதான் நம் பக்கம் பரவ ஆரம்பித்திருந்தது. கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு இரண்டாக ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதையே கொஞ்சம் மேலே கொண்டுபோய் மண்டையில் போட்டுவிட்டார்கள். வாகைப்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஜெபராணி என்ற பெண் அதற்கென்றே கடை திறந்தாள். முதலில் போட்டுக்கொண்டவர் டெய்லர் இசக்கி. ஜாக்கெட்டுக்கு ஒரு மனம், பேண்ட்டுக்கு ஒரு மனம். அடுத்து கூட்டுறவு வங்கி மேலாளர். வங்கியில் ஒருவர், வீட்டில் ஒருவர். கடன் விஷயமாக யாராவது வீட்டுக்குப் போனால், "அது என்கிட்ட இல்ல, அவர்ட்ட கேளுங்க" என்று தன் நெற்றியைத் தானே காட்டிவிட்டுக் கதவைச் சாத்துவார்.

கடம்பவனத்துக்கு இது எதிலும் ஈடுபாடு கிடையாது. அவருக்கு ஒரே ஒரு மனம், அதில் ஒரே ஒரு குறை. அவர் பட்டிமன்றப் பேச்சாளர். இருபது வருஷத்துக்கு மேலாக ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார். ஒரு தடவைகூட ஜெயித்தது கிடையாது.

திறமை இல்லாமல் அல்ல. அவர் எழுந்து மைக்கை ஒரு தட்டு தட்டினாலே ஜனம் சிரிக்கும். அங்கேதான் வினை. "கைதட்டல் ஒமக்கு, தீர்ப்பு பூவலிங்கத்துக்கு. ரெண்டையும் ஒரே ஆளுக்குக் குடுத்தா திரும்பி வரும்போது வேன்ல சண்ட வரும்வே" என்பார் நடுவர் அரியநாயகம். தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், நியாயஸ்தர். பூவலிங்கம் என்பவர் வெற்றி அணித் தலைவர். பேச்சில் சிரிப்பே வராது. பண்பாடு, அன்னை, மண் ஆகிய மூன்றையும் எந்தத் தலைப்பிலும் கொண்டுவந்துவிடுவார். ஒருமுறை தூத்துக்குடிப் பக்கம், 'மனித வாழ்வுக்குப் பெரிதும் தேவை காற்றா, கைக்கடிகாரமா' என்று தலைப்பு. கடம்பவனத்துக்குக் காற்று விழுந்தது. இன்றைக்குத் தப்பவே முடியாது, வெற்றிதான் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். விழாப் புரவலர் கடிகாரக் கடைக்காரர் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கமுடியாதது வேறொன்று. கல்யாணமான புதிதில் மனைவி செண்பகவல்லியை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். தலைப்பு, குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா. கடம்பவனம் மனைவி கட்சி. தோற்றுவிட்டார். பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த செண்பகவல்லி, இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"என் கட்சியப் பேசி என்னையவே தோக்கடிச்சிட்டு வந்திருக்கீய. இனிமே ஜெயிக்க அன்னைக்குச் சொல்லுங்க, வாரேன்."

அதன் பிறகு அவள் வந்ததில்லை. அவரும் சொல்லும்படி ஆகவில்லை. ஒரே ஒரு தடவை, சொந்த ஊரில், அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க ஜெயிக்கவேண்டும். கடம்பவனத்துக்கு இருந்த ஆசை இவ்வளவுதான்.

அந்த வருஷம் பூவலிங்கம் மகனோடு இருக்கப்போகிறேன் என்று கனடாவுக்குப் போய்விட்டார். அதே சமயத்தில் வாகைப்பட்டிக் கொடையும் வந்தது. கொடைக் கமிட்டித் தலைவர் சப்பாணிமுத்துவும் நடுவர் அரியநாயகமும் கடம்பவனம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"ஜெயிக்க ஆள் இல்லாமப் போச்சே வே" என்றார் நடுவர்.

"நான் ஜெயிக்கேன் ஐயா."

"நீரு ஜெயிச்சா தோக்கது யாரு? ஜெயிக்க ரோட்டுல போறவன்கூட வருவான். தோக்கதுக்குப் பயிற்சி வேணும். அதுக்கு ஒம்ம விட்டா இந்த ஜில்லாவுல ஆள் கெடையாது."

இதைப் பாராட்டாக எடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்த கடம்பவனத்துக்குத் திடீரென்று ஒன்று உதித்தது. பட்டிமன்றத்திலேயே ஆயுளைக் கழித்தவனுக்குத்தான் அப்படி உதிக்கும்.

"ஐயா, அந்தப் பக்கமும் நானே பேசிட்டா?"

"எது?"

"ஜெபராணி கடைல இன்னொரு மனசப் போட்டுக்கிடுதேன். ரெண்டு அணியும் நான்தான். எவன் தோத்தாலும் ஜெயிச்சவன் நானாத்தான இருக்கமுடியும்?"

நடுவர் கண்ணை மூடி யோசித்தார். "கணக்கு சரியாத்தான் வருது" என்றார். அவர் தமிழ்ப் பேராசிரியர் என்பதை மறந்துவிடக்கூடாது.

"எவன் ஜெயிச்சாலும் தோத்தவனும் நீங்கதான" என்று அடுப்படியிலிருந்து செண்பகவல்லி சொன்னாள். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் யார் காதிலும் விழவில்லை.

சப்பாணிமுத்துவுக்கு ஒரே சந்தோஷம். "தலைப்பு நாங்க தாரோம் அண்ணாச்சி. ஊர்ல பாதிப்பேரு இதத்தான் கேட்டுக்கிட்டு அலையுதான். ரெண்டாவது மனசுக்கு மாத்திமுழிப்பு நல்லதா, உள்குடித்தனம் நல்லதா? எனக்கே ஒண்ணு போடணும், எதுன்னு தெரியல. நடுவர் ஐயா என்ன தீர்ப்புச் சொல்லுதாரோ அதையே வச்சுக்கிடுவேன்."

இரண்டும் என்னவென்றே கடம்பவனத்துக்குத் தெரியாது. பட்டிமன்றப் பேச்சாளருக்கு அது ஒரு தடையல்ல என்றாலும், வைக்கப்போவது சொந்த மண்டையில் என்பதால் மறுநாள் கடைக்குப் போனார்.

ஜெபராணி முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். மேசைமேல் பிஸ்கட் டின் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. முகப்பில் பச்சை விளக்கு. இரண்டு ஒயர்கள். காதை வைத்துக் கேட்டால் உள்ளே மெதுவாக ஓடும் சத்தம்.

"ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி. கம்ப்யூட்டர்க்காரங்க ஒண்ண டூயல் பூட்டும்பாங்க, இன்னொண்ண விர்ச்சுவல் மிஷினும்பாங்க. நம்ம ஊர்ல மாத்திமுழிப்பு, உள்குடித்தனம். மாத்திமுழிப்புன்னா வீட்ட ரெண்டாத் தடுக்கது. இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் அவரு, வாசல் ஒண்ணு. நீங்க இருந்தா அவரு இல்ல, அவரு இருந்தா நீங்க இல்ல. இருக்கவருக்கு முழு மூளையும் கெடைக்கும், வேகமும் கொறையாது."

"மாறணும்னா?"

"தூங்கி முழிக்கணும். முழிக்கும்போது உள்ளுக்குள்ள 'யாரு?'ன்னு கேக்கும். பத்து எண்ணுததுக்குள்ள பேரச் சொல்லணும். சொல்லாமப் பொரண்டு படுத்தீயன்னா முதல்ல பேரு இருக்கவரு எந்திரிச்சிருவாரு."

"உள்குடித்தனம்?"

"அது வீட்டுக்குள்ளயே ஒரு ரூமக் குடுத்து ஆள வைக்கது. நீங்களும் முழிச்சிருப்பீய, அவரும் முழிச்சிருப்பாரு. நெனச்ச நேரம் வாய அவருக்குக் குடுக்கலாம், வாங்கலாம், தூங்கவேண்டாம். ஆனா அவரு சாப்பிடுதது ஒங்க சோறு. மூளை பாதிபாதி. எல்லாம் கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும்." முறுக்கை ஒரு கடி கடித்துவிட்டு, "இன்னொண்ணு. அவரு என்ன செய்யுதாருன்னு ஒங்களுக்குத் தெரியும். நீங்க இருக்கதே அவருக்குத் தெரியாது. நீங்க வாயால பேசுதது யாரோ வெளிய பேசுத மாதிரித்தான் அவருக்குக் கேக்கும். வீடே தன்னோடதுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாரு" என்றாள்.

"ரெண்டுல எது தாயி நல்லது?"

"அது மண்டையப் பொறுத்தது. ஒரு வாரம் இது, ஒரு வாரம் அதுன்னு வச்சுப் பாருங்க. ஆளு எப்படி வேணும்?"

"ஜெயிக்க மாதிரி."

"அப்படி ஒரு மாடல் இருக்கு. நகைச்சுவை கெடையாது, அதுக்குப் பதிலாப் பண்பாடு போட்டிருக்கு. பேரு அறவாழி. சோதனைக்குத்தான் தாரேன். கொடை முடிஞ்ச மறுநாள் தானா அழிஞ்சிரும். வேணும்னா அதுக்குள்ள வந்து சொல்லுங்க, நெலையா வச்சிருதேன்."

"அழியும்போது வலிக்குமா?"

"யாருக்கு?"

"அந்த அறவாழிக்கு."

"இதுவரைக்கும் யாரும் வந்து சொல்லல அண்ணாச்சி."

கடம்பவனம் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். நல்ல கனம். சரக்கு உள்ளே இருக்கிறது என்று திருப்தியோடு தலையைக் கொடுத்தார்.

முதல் வாரம் மாத்திமுழிப்பு. கடம்பவனம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்தவர் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவைத்துவிட்டு, செண்பகவல்லியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அம்மையீர், வணக்கம். அடியேன் அறவாழி. நண்பகல் உணவு ஆயத்தமாகிவிட்டதா?"

"இப்பத்தான சாப்பிட்டீய!"

"சாப்பிட்டவர் அவராக இருக்கலாம். நான் இன்னும் உண்ணவில்லை."

நியாயம்தான். போட்டாள். சாப்பிட்டது இரண்டு பேர், வயிறு ஒன்று. சாயங்காலம் விழித்த கடம்பவனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அறவாழி மேல் கண்டபடி கோபப்பட்டார். கோபத்தை அறவாழியிடம் சொல்ல வழியில்லை. ஆகவே செண்பகவல்லியிடம் சொன்னார். அறவாழி வந்ததும் அவள் அதை அவரிடம் சொன்னாள். அவர் வருத்தம் தெரிவித்ததை இவரிடம் சொன்னாள். இவருடைய சட்டையை அவர் ஏன் போட்டார், அவர் வாங்கிவைத்த வாழைப்பழத்தை இவர் ஏன் தின்றார் என்று எல்லா வழக்கும் அவள் வழியாகத்தான் போய்வந்தது.

"ஒரு ஆளக் கட்டிக்கிட்டே சமாளிக்கமுடியல. இப்பம் ரெண்டு பேருக்கு நடுவுல தபால்காரி ஆயிட்டேன்" என்றாள் ஜெபராணியிடம் போய்.

"ஆனா அறவாழி மரியாதையா இருப்பாரே அக்கா. சமையலப் பாராட்டுவாரே?"

"அதத்தான் சொல்லுதேன். ரசம் நல்லாருக்குங்காரு. சரி. நேத்து வேணும்னே உப்பு போடாம வச்சேன். அமிழ்துங்காரு. இந்த மனுசனாவது மூஞ்சியச் சுளிப்பாரு, எனக்கும் ரெண்டு வார்த்த திட்டுததுக்கு வசதியா இருக்கும். அவர்ட்ட எங்க போயி முட்ட?"

மாத்திமுழிப்பு கவிழ்ந்தது ஒத்திகையில்தான். அணி மாறும்போதெல்லாம் கடம்பவனம் தூங்கி எழவேண்டும். தூங்குவதில் சிரமமே இல்லை. நடுவர் இடையில் எழுந்து இரண்டு வார்த்தை பேசினாலே தூக்கம் தானாக வந்துவிடும். எழுப்புவதுதான் பாடாக இருந்தது. எழுப்பினாலும் பத்து எண்ணுவதற்குள் பேரைச் சொல்லாமல் கொட்டாவி விட்டு, போன கடம்பவனமே திரும்பி வந்தார். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கணக்குல போனா அடுத்த கொடைக்குத்தான் தீர்ப்புச் சொல்லமுடியும்" என்றார்.

இரண்டாம் வாரம், அறவாழியின் முதல் வார நினைவைத் துடைத்துவிட்டு, உள்குடித்தனம் வைத்தார்கள்.

அறவாழி உள்ளே வந்ததும் கடம்பவனத்துக்கு எல்லாமே மெதுவாகிவிட்டது. கடையில் "என்ன வேணும் அண்ணாச்சி?" என்று கேட்டால், அவர் பதில் சொல்வதற்குள் பின்னால் வந்த மூன்று பேர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். காலையில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஜோக்குக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் சிரித்தார். நடந்துகொண்டே வெற்றிலை மெல்ல முடியவில்லை. ஏதாவது ஒன்றுதான். தும்மல்கூட வரப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பிப்போன பிறகுதான் வந்தது.

இதைவிடச் சங்கடம் வேறு. அறவாழி தன்னை வீட்டுச் சொந்தக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். காலையில் கண்ணாடி முன் நின்று, "நமக்கு வயதாகிறது" என்று கவலைப்படுவார். ஒருநாள் செண்பகவல்லியைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மையீர், உங்களை அஞ்சவைக்க விரும்பவில்லை. சில நேரங்களில் எனக்குள் யாரோ சிரிக்கும் ஓசை கேட்கிறது. மருத்துவரைப் பார்க்கலாமா?"

உள்ளே சிரித்துக்கொண்டிருந்த கடம்பவனம் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். வாய் அந்த நேரத்தில் அறவாழியிடம் இருந்ததால் பொத்தியது எதை என்று அவருக்கே விளங்கவில்லை.

"அது வாய்வு. சுக்குக் காப்பி போட்டுத் தாரேன்" என்றாள் செண்பகவல்லி.

அன்றிலிருந்து கடம்பவனத்துக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. உள்ளே இருந்துகொண்டு அறவாழி பேச்சுக்குத் தயார் செய்வதைக் கேட்பார். ஒரே வாக்கியத்தை நான்கு விதமாகச் சொல்லிப் பார்ப்பார் அறவாழி. "வெற்றி பெற்றால் அடுத்த ஆண்டு திருநெல்வேலியிலும் அழைப்பார்கள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அடுத்த ஆண்டு! கொடைக்கு மறுநாள் அழியப்போகிற ஆள். கடம்பவனம் இப்போது உள்ளே சிரிப்பதில்லை. ஆசைப்படுகிறவனின் குரல் எப்படியிருக்கும் என்று இருபது வருஷமாகத் தோற்றவனுக்குத் தெரியாதா?

"ஏட்டி, அவன்கிட்ட சொல்லிரலாமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"சொல்லி? நாளைக்கு ஒங்கள்ட்ட ஒருத்தன் வந்து, நீரும் வாடகைக்கு இருக்கவருதான்னு சொன்னா ஒங்களுக்கு எப்படி இருக்கும்?"

"இருக்குமோ?"

"போயி வேலையப் பாருங்க."

கொடையன்று சாயங்காலம் கோயில் மைதானத்தில் மேடை. பந்தல்காரருக்குத் தெரிந்தது ஒரே விதம்தான். நடுவில் நடுவருக்குப் பெரிய நாற்காலி, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஆறு நாற்காலிக்கும் ஆள் ஒருவர். இரண்டு பக்கமும் சோடா வைத்திருந்தார்கள். ஒரு லட்சம் பேருக்குக் குறையாது. (இந்த இடத்தில்தான் குறைத்துச் சொல்லியிருக்கிறது.) முன்வரிசையில், புதுச் சேலை மடிப்புக் கலையாமல், செண்பகவல்லி. ஜெயிக்கப்போகிறேன் என்று சொல்லியல்லவா கூப்பிட்டிருக்கிறார்.

சீட்டுக் குலுக்கியதில் கடம்பவனத்துக்கு மாத்திமுழிப்பு விழுந்தது. அறவாழிக்கு உள்குடித்தனம். உள்குடித்தனம் வைத்த தலையோடு கடம்பவனம் அதை எதிர்த்துப் பேசவேண்டும். அவருக்கு அதெல்லாம் சாதாரணம். காற்றையே தோற்கவிட்டவர்.

இடது பக்கமிருந்து எழுந்து வந்து மைக்கைத் தட்டினார். ஜனம் சிரித்தது.

"நடுவர் அவர்களே! உள்குடித்தனம் வச்சிருக்க ஆளு கடைல போயி பல்பொடி கேட்டான். கடைக்காரன் எடுத்துக் குடுக்கதுக்குள்ள அவனுக்குப் பல்லே கொட்டிப்போச்சு!" கைதட்டல். "மாத்திமுழிப்புல ஒரு நேரத்துல ஒருத்தன்தான். கோவம் வந்தா முழுக் கோவம். பொண்டாட்டி திட்டுனா முழுத் திட்டும் ஒருத்தனுக்கே. உள்குடித்தனத்துல பாதித் திட்டு அவனுக்குப் போயிருதே, அந்த அம்மா படுத சிரமத்துக்கு என்ன மரியாத?"

பெண்கள் பக்கம் விசில் பறந்தது. நடுவரே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடம்பவனம் மேடையைக் குறுக்காகக் கடந்து வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்தார், சோடாவை ஒரு மடக்குக் குடித்தார், எழுந்தபோது முதுகு நேராகியிருந்தது.

"அவையோரே" என்றார் அறவாழி. "எதிரணித் தலைவர் சிரிக்கவைத்தார். நன்று. நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உள்ளே குடியிருப்பவனை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா?"

கூட்டம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

"அவன் காலையில் எழுகிறான். கண்ணாடியில் தெரிவது தன் முகம் என்று நம்புகிறான். நரைமுடியைப் பார்த்துக் கவலைப்படுகிறான். அந்த வீட்டு அம்மையார் தரும் ரசம் அமிழ்தாக இருக்கிறது, ஏனென்றால் அவன் உண்ட முதல் ரசமே அதுதான். அடுத்த ஆண்டு இன்ன ஊருக்குப் போகவேண்டும் என்று திட்டமிடுகிறான். தான் வாடகைக்கு இருப்பது அவனுக்கு மட்டும் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும்."

ஒரு லட்சம் பேரும் அடங்கிவிட்டார்கள். ஐஸ் வண்டிக்காரன் மணியைக் கையால் பொத்திக்கொண்டான்.

"மாற்றி விழிப்பதில் ஒருவன் இருக்கும்போது மற்றவன் இல்லவே இல்லை. அது வசதி. யாரையும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. உள்குடித்தனத்தில் வேகம் குறையும், உண்மைதான். இன்னொருவரோடு சேர்ந்து நடக்கிற எவருக்கும் வேகம் குறையத்தான் செய்யும். அதற்குப் பெயர் பழுதா, அவையோரே? அந்த அப்பாவி ஓர் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். அவனை நினைத்தால் எனக்கு இரக்கமாக இருக்கிறது. ஒரு வேண்டுகோள். உங்களில் எவராவது அவனைக் கண்டால், தயவுசெய்து உண்மையைச் சொல்லிவிடாதீர்கள்."

போய் உட்கார்ந்தார். ஒருவரும் கைதட்டவில்லை.

இனி கடம்பவனத்தின் முடிவுரை. எழுந்து இடது பக்கம் வந்தார். வெற்றி நாக்கின் நுனியில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம்: 'அந்த அப்பாவி வேற யாரும் இல்ல, இப்பம் பேசிட்டு உக்காந்தாரே, அவரேதான்!' பந்தல் பிய்த்துக்கொண்டு போகும். நடுவர் நினைத்தாலும் தீர்ப்பை அந்தப் பக்கம் கொடுக்கமுடியாது. அப்படி ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் இத்தனை வருஷம் வேனில் கடைசி சீட்டில் குலுங்கி வந்திருக்கிறார்.

மைக்கைத் தட்டினார். ஜனம் சிரிக்கத் தயாரானது.

உள்ளே அறவாழியின் குரல் கேட்டது. தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். "நன்றாகத்தான் பேசினோம். ஒரு சொல் தடுமாறிவிட்டது. பரவாயில்லை. கவனித்திருக்கமாட்டார்கள்."

கடம்பவனம் முன்வரிசையைப் பார்த்தார். அவர் வாய்க்குள் என்ன நிற்கிறது என்று செண்பகவல்லிக்குத் தெரியும். அவள் வேண்டாம் என்று தலையாட்டவில்லை. சேலை முந்தானையின் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நடுவர் அவர்களே, எதிரணி சொன்னது சரிதான்" என்றார் கடம்பவனம். "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல."

நடுவர் பதறிவிட்டார். மணியடித்தும் நிறுத்தாத பேச்சாளர்களை அவர் பார்த்திருக்கிறார். மணியடிக்காமலே நிறுத்தியவரைப் பார்த்ததில்லை. இரண்டு மூன்று தடவை தொண்டையைச் செருமிவிட்டு, உள்குடித்தனமே என்று தீர்ப்புச் சொன்னார். சப்பாணிமுத்து பொன்னாடையோடு வந்து, வெற்றி பெற்றவர் எந்தத் தோள் என்று கேட்டு வலது தோளில் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். பாதி வழியில் செண்பகவல்லி கேட்டாள்.

"வாய்க்குள்ள ஒண்ணு நின்னுச்சே, அத ஏன் முழுங்குனீய?"

"மறந்துபோச்சு. பாதி மூளைதான இருக்கு."

"ம்." கொஞ்ச தூரம் போன பிறகு, "இன்னைக்கும் தோத்துட்டீய" என்றாள்.

"ஆமா."

"அடுத்த கூட்டம் எங்க? நானும் வாரேன்."

அவர் நின்றுவிட்டார். பதில் சொல்ல வழக்கத்தைவிட நேரமானது. அதற்கு அறவாழி காரணமல்ல.

வீட்டுப் படியேறியதும் வாய் கைமாறியது. "அம்மையீர், நான் வெற்றி பெற்றுவிட்டேன்!"

"பாத்தேன். நல்லாப் பேசுனீய" என்றாள் செண்பகவல்லி. "கையக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

விடிந்ததும் கடம்பவனம் ஜெபராணி கடைக்கு ஓடினார். சப்பாணிமுத்துவும் இன்னும் பத்துப் பேரும் உள்குடித்தனம் வைக்க வரிசையில் நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய், "அழிச்சிராத தாயி, அவன் இருந்துட்டுப் போட்டும்" என்றார். ஜெபராணி கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தாள். பிறகு ஒயரைக் காதுக்குப் பின்னால் வைத்து, ஒரு பொத்தானை அழுத்தி, "நெலையா வச்சாச்சு அண்ணாச்சி" என்றாள். அதற்குக் காசும் வாங்கவில்லை.

இன்றைக்கும் பட்டிமன்றங்களில் அறவாழி ஜெயிக்கிறார், கடம்பவனம் தோற்கிறார், முன்வரிசையில் செண்பகவல்லி உட்கார்ந்திருக்கிறாள். தும்மல் இன்னும் தாமதமாகத்தான் வருகிறது.

ஜெபராணி கல்யாணமாகித் தூரதேசம் போனபோது அந்தக் கறுப்புப் பெட்டியை விட்டுவிட்டுப் போனாள். ஒருநாள் சப்பாணிமுத்து அதைத் திருப்புளி வைத்துத் திறந்தார். உள்ளே, பழந்துணியில் சுற்றிய அரைச் செங்கலும், பேட்டரியில் ஓடும் ஒரு மேசைக் கடிகாரமும், பச்சைத் தாள் ஒட்டிய டார்ச் பல்பும் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை.